தெரியா சேர்

எனக்கு வாய் கொஞ்சம் அதிகம். சின்ன வயதிலிருந்தே ஊரில் வாய்க்காரி என்றுதான் பெயர். பஸ்ஸில் இடித்துக்கொண்டு நிற்பவனிலிருந்து, பெண்பிள்ளைக்கு எதற்கு இந்த வயர் வேலை என்று கேட்ட பெரியப்பா வரைக்கும் எல்லாருக்கும் அந்தந்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்திருக்கிறேன். அப்படிப்பட்ட வாயால் ஒரு நாள், நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்க, எனக்குத் தலைகீழாகத் தெரிந்த ஒன்றைத் தெரியாது என்று சொன்னேன். இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. பொய் சொன்னதற்காக அல்ல. யுத்த காலத்தில் பொய் சொல்லாமல் உயிரோடு இருந்தவர் யாராவது இருந்தால் வரட்டும், கும்பிடுகிறேன். அந்தப் பொய்யை அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். வெட்கம் அதுதான்.

அப்போது களுவாஞ்சிக்குடியில் ஒரு நிவாரண நிறுவனத்தின் கிளை அலுவலகத்தில் எனக்கு வேலை. இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களைப் பதிவதும், அவர்களுக்குக் கூரைக்குத் தறப்பாளும் அரிசியும் போய்ச் சேர வழி செய்வதும் மற்றவர்களின் பாடு. அங்கிருந்த கணினிகளும் அவற்றை இணைக்கும் வயர்களும் என் பாடு. கொழும்பில் சித்தி வீட்டில் தங்கி நெட்வேர்க் படித்துவிட்டு வந்திருந்தேன். அந்த வட்டாரத்தில் அந்தப் படிப்புப் படித்த பெண்பிள்ளை வேறு யாரும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. எனக்கும் அதில் தலைக்கனம் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்.

எங்கள் வீடு வாவிக்கு அந்தப் பக்கம், மண்டூருக்குக் கிட்ட. காலையில் பாதையில் ஏறுவேன். ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் பெரிய மிதவைக்கு எங்கள் பக்கம் அந்தப் பெயர். குறுமண்வெளியில் இறங்கி, சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டிவிட்டு வேலைக்குப் போவேன். பின்னேரம் அதே பாதையில் திரும்புவேன். இந்தப் பக்கம் எழுவான்கரையில் கடைகளும் அலுவலகங்களும் இராணுவ முகாம்களும் இருந்தன. அந்தப் பக்கம் படுவான்கரையில் வயலும் காடும், அப்போது வேறு ஆட்களின் அதிகாரமும். நாள்தோறும் ஒரு கரையிலிருந்து மற்றக் கரைக்குப் போகிறவளைப் பார்த்து இரண்டு பக்கமும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "அங்கால என்ன நடக்குது?" எனக்குத் தெரியா, எனக்குத் தெரியா என்று சொல்லிச் சொல்லியே நாக்குத் தேய்ந்துபோனது.

அப்பா வேளாண்மைக்காரர். எங்கள் வட்டையில், அதாவது எல்லாருடைய வயலும் சேர்ந்து கிடக்கும் அந்தப் பரப்பில், வரம்பில் நின்று அவர் கதைக்கத் தொடங்கினால் கதை என்னிடம்தான் வந்து முடியும். "என்ட மகள் வயருக்குள்ள என்ன ஓடுதெண்டு பாத்துச் சொல்லுவாள்" என்பார். கதிர் வெட்டும்போது சொல்வார், சூடு அடித்து நெல் பிரிக்கும்போது சொல்வார். ஒரு முறை புது அரிசி கொண்டு அலுவலகத்துக்கு வந்தவர், கேட்டில் நின்ற காவலாளிக்கும் அதைச் சொல்லிவிட்டுப் போனார். "அப்பா, வயருக்குள்ள ஓடுறத ஒருத்தரும் கண்ணால பாக்கேலா" என்று நான் கத்தினேன். "நீ பாப்பாய்" என்றார் அவர், வெற்றிலையை மென்றுகொண்டு.

மாரி மழை தொடங்கிய கையோடு ஒரு நாள் இடி விழுந்து, மேல்மாடியில் இருந்த ரவுட்டர் எரிந்துபோனது. அலுவலகம் ஒரு மாடி வீடு. மேலே சின்ன அறையில் ரவுட்டரும், எல்லாருடைய வேலையும் சேமிக்கப்படும் சேர்வரும் இருந்தன. கீழே என் மேசைக்குப் பின்னால் ஸ்விட்ச். கீழே இருந்த கணினிகள் எல்லாம் அந்த ஸ்விட்சில் கொழுவியிருந்தன. ஸ்விட்சிலிருந்து மேலே ரவுட்டருக்கு, சீலிங்கில் துளை போட்டு, ஒரே ஒரு கேபிள் போனது. கீழே இருப்பவர்கள் எதைச் சேமித்தாலும் எதை எடுத்தாலும் அந்தக் கேபிளால்தான் போய் வர வேண்டும். ஸ்விட்ச் என் பொறுப்பு. ரவுட்டர் கொழும்புத் தலைமை அலுவலகத்தின் பொறுப்பு. அதன் கடவுச்சொல் கொழும்பு இன்ஜினியர் சேரிடம் மட்டும் இருந்தது. நான் தூசி தட்டலாம், அவ்வளவுதான்.

அவரே புது ரவுட்டரோடு வந்தார். பின்னேரத்துக்குள் ரோட்டைப் பூட்டிவிடுவார்கள் என்று பயம். வந்த வாகனத்தின் எஞ்சினைக்கூட நிறுத்தவில்லை. பெட்டியை மாட்டினார், ஏதோ தட்டினார், "எல்லாம் ஆட்டோதான் மிஸ், பிரச்சினை இல்ல" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினார். ஆட்டோ என்றால், கேபிளின் இரு நுனியிலும் இருக்கும் பெட்டிகள் தாங்களே ஒன்றோடொன்று பேசி, எந்த வேகத்தில் எந்த முறையில் அனுப்புவது என்று முடிவுசெய்துகொள்ளும். அவர் போன பிறகு ஒரு படத்தை மேலே அனுப்பிப் பார்த்தேன். பறந்தது. நிம்மதியாகப் பாதையைப் பிடிக்கப் போனேன்.

அடுத்த நாள் எல்லாரும் வந்து உட்கார்ந்து வேலையைத் தொடங்கியதும் நொண்டத் தொடங்கியது. உடைந்த வீடுகளின் படங்கள் ஏற வேண்டும். பாதி ஏறி நிற்கும், பிறகு கொஞ்சம் நகரும், திரும்ப நிற்கும். பதிவு வேலை செய்த ஆரையம்பதி அக்கா, "புள்ள, இது இண்டைக்கும் உசிரில்லாமக் கிடக்கு, ஒருக்கா வந்து பாருகா" என்று கூப்பிடுவார். போய்ப் பார்ப்பேன். மற்றவர்கள் தேநீருக்கு எழும்பிய நேரம் என்றால் எல்லாம் சரியாக இருக்கும். அவர்கள் திரும்பி வந்து இருந்தால் திரும்ப நொண்டும். காலையில் ஒருவரும் வருமுன் தனியாகச் சோதித்தால் ஒரு குறையும் இல்லை. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. வெளியே வெயிலில் சனம் நிற்கிறது, அவர்களுடைய படம் ஏறினால்தான் தறப்பாளுக்கு அனுமதி வரும், இங்கே நான் வயரைத் தடவிக்கொண்டு நிற்கிறேன்.

கொழும்புக்கு அழைத்தேன். "ரெண்டு பக்கமும் ஆட்டோதானே சேர்?" என்று கேட்டேன். "ஆட்டோதான் மிஸ், நான்தானே போட்டேன். கேபிளப் பாருங்க" என்றார். கேபிளை மாற்றினேன். அதே நொண்டல். நுனிகளை வெட்டித் திரும்ப அடித்தேன். அதே நொண்டல். வேறு வழியால் புதுக் கேபிள் இழுத்தேன், தலை முழுக்கச் சீலிங் தூசி. அதற்கும் அசையவில்லை.

ஒரு நாள் மேலாளரின் அறையில் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு அவரோடு பேசினோம். அலுவலகத்தின் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரும் இருந்தார். எந்தப் படையிலோ இருந்து ஓய்வு பெற்றவர், நன்றாகத் தமிழ் பேசுவார், சிரிக்க மாட்டார். இன்ஜினியர் சேர் அங்கிருந்தே ரவுட்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்க பக்கம் டேட்டா பக்கெட்டெல்லாம் உடைஞ்சு வருது. உங்க கேபிள்ல இடையில ஏதோ இருக்கு."

பாதுகாப்புக்காரர் நிமிர்ந்தார். "இடையில ஏதோ எண்டா? வேற ஆராவது ஒரு வயரக் கொழுவி எடுக்கலாமா?"

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கேள்வி என் தொழிலைப் பற்றியது, விடுவேனா? "தெரிஞ்ச ஆளெண்டா எடுக்கலாம் சேர்" என்றேன்.

"இங்க தெரிஞ்ச ஆள் ஆரு?"

எல்லாரும் என்னைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தார்கள். மேலாளர் மேசையில் இருந்த பேனையை எடுத்து மூடியைப் போட்டார். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

அன்றிலிருந்து எல்லாம் மாறியது. கேட்டில் என் பையை மட்டும் திறந்து பார்த்தார்கள். நான் மேலே படியேறினால் காவலாளியும் ஏறினான். பாதுகாப்புக்காரர் ஒரு நாள் என் மேசைக்கு வந்து, "உங்கட அப்பா சொல்லியிருக்கார், நீங்க வயருக்குள்ள ஓடுறதப் பாப்பீங்களாம்" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "நீங்க அக்கரைதானே. பின்னேரம் போனா அங்க ஆரோடயெல்லாம் கதைப்பீங்க?" என்று கேட்டார். ஆரையம்பதி அக்கா தேநீர்க் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போனார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள்.

வேலை போகும் என்பது அல்ல என் பயம். அந்த நாட்களில் ஒரு பெயர் ஓர் அலுவலகத்திலிருந்து முகாமுக்குப் போக ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். அக்கரைக்காரி, வயர் படித்தவள், நாளும் இரண்டு கரைக்கும் போய் வருகிறவள். என்னைக் கூட்டிக்கொண்டு போக இதற்கு மேல் என்ன வேண்டும்? கடைசியில் அவர் சொன்னார்: "நாளைக்குக் கொழும்புல இருந்து இன்ஜினியர் வாறார், அந்த வயரப் பாக்க. நீங்களும் உங்கட அப்பாவக் கூட்டிக்கொண்டு வாங்க. ஒள்ளுப்பம் கதைக்க வேணும்." கொஞ்சம் என்பதற்கு நாங்கள் சொல்லும் 'ஒள்ளுப்பம்' அவர் வாயிலும் இருந்தது.

அவர் போன பிறகு, முதலில் பார்த்திருக்க வேண்டியதைக் கடைசியாகப் பார்த்தேன். என் ஸ்விட்சுக்குள் போய், மேலே போகும் கேபிள் கொழுவியிருந்த அந்தப் போர்ட்டின் நிலையை எடுத்தேன். வேகம் நூறு. அது சரி. டூப்ளெக்ஸ், ஹாஃப் என்று இருந்தது. கீழே மோதல்களின் எண்ணிக்கை, அதுவும் பாதி அனுப்பிய பிறகு நடக்கும் மோதல்களின் எண்ணிக்கை, ஏறிக்கொண்டே போனது. பார்த்தவுடன் விளங்கிவிட்டது. வாய்விட்டுத் திட்டினேன், நல்லவேளை அறையில் யாரும் இல்லை.

கல்லடியின் பழைய இரும்புப் பாலத்தில் போனவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அதில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வாகனம்தான் போகலாம். அந்தப் பக்கம் வரும்போது இந்தப் பக்கம் காத்து நிற்க வேண்டும். ஹாஃப் என்றால் அதுதான். ஃபுல் என்றால் இரண்டு வாகனமும் ஒரே நேரத்தில் போகும் அகல ரோடு. இப்போது ஒரு பக்கத்துக்காரன் இது அகல ரோடு என்று நினைத்துக்கொண்டு நிற்காமல் வருகிறான், மற்றப் பக்கத்துக்காரன் இது ஒற்றைப் பாலம் என்று காத்து நின்று போகிறான் என்றால் என்ன நடக்கும்? வாகனம் குறைவான நேரத்தில் ஒன்றும் நடக்காது. கூடும் நேரத்தில் மோதும். அவசரத்தில் வந்த சேர், ரவுட்டரை நூறு, ஃபுல் என்று கையால் பூட்டிவிட்டு, ஆட்டோ என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கையால் பூட்டிய பெட்டி மற்றப் பெட்டியோடு பேசாது. பதில் கிடைக்காத என் ஸ்விட்ச், ஒழுங்கு தவறக்கூடாது என்று ஹாஃபுக்கு இறங்கிவிட்டது. இரண்டு பக்கமும் ஆட்டோ என்றால் அங்கே ஹாஃப் வர வழியே இல்லை. சேரின் சொல்லை நம்பி என் சொந்தப் போர்ட்டையே பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

திருத்த ஒரு வரி போதும். என் பக்கத்தையும் ஃபுல் என்று பூட்டினால் முடிந்தது. அந்த வரியைத் தட்டியும் விட்டேன். என்டரை மட்டும் அழுத்தவில்லை.

எங்கள் ஊரில் ஒரு வேளாண்மைக்காரர் இருந்தார். வரம்போரம் சருகால் மூடிக் கிடந்த ஒரு பொதியைக் கண்டார். பிள்ளைகள் போகிற வழி என்று தானாகவே போய் முகாமில் சொன்னார். முதல் கேள்வி, "உனக்கு எப்படித் தெரியும்?" அதற்கு அவர் சொன்ன எந்தப் பதிலும் எடுபடவில்லை. ஆள் திரும்பி வந்தார், ஆனால் வலது கையால் சோறு பிசைய முடியவில்லை. அதற்குப் பிறகு எங்கள் கரையில் ஒரு பழக்கம் வந்தது. எதையும் முதலில் கண்ட ஆளாக யாரும் இருக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டுக் கிணற்றில் ஆடு விழுந்தால்கூட, "ஆரோ சொன்னாங்க" என்றுதான் தொடங்குவார்கள். அந்த ஆரோ ஒருவரைத்தான் கடைசிவரை காண முடியாது.

நான் இப்போது என்டரை அழுத்தினால் நாளைக்கு என்ன கேட்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். இத்தனை நாளும் சரிவராதது, இன்ஜினியர் வருகிறார் என்றதும் எப்படிச் சரியானது? கள்ளி, கொழுவியதைக் கழற்றிவிட்டாள். கெடுத்தவளுக்குத்தானே திருத்தத் தெரியும். ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன். என் வேலையைச் சரியாகச் செய்ய எனக்கே பயமாக இருந்தது. அந்த வெட்கம் ஒரு பக்கம் இருக்கட்டும்.

அடுத்த நாள் அப்பா வெள்ளைச் சேட்டுப் போட்டு, திருநீறு பூசி, கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி வந்தார். எதற்குக் கூப்பிட்டார்கள் என்று அவருக்கு நான் முழுதாகச் சொல்லவில்லை. சொன்னால் பாதையிலேயே நாலு பேருக்கு நியாயம் கேட்கத் தொடங்கிவிடுவார். "உன்ன மெச்சத்தான் கூப்பிட்டிருப்பாங்க" என்றார். ஸ்விட்ச் இருந்த என் அறையின் வாசலில் ஒரு கதிரை போட்டு அவரை இருத்தினார்கள். அதற்குள் நான் ஸ்விட்சின் முன்பக்கத்தில் இருந்த ஒரு பொத்தானை அழுத்தி வைத்தேன். அதை அழுத்தினால் ஒவ்வொரு போர்ட்டின் விளக்கும் டூப்ளெக்ஸைக் காட்டும். ஃபுல் என்றால் பச்சை. ஹாஃப் என்றால் அணைந்திருக்கும். எல்லா விளக்கும் பச்சையாக எரிந்தன. மேலே போகும் கேபிளின் விளக்கு மட்டும் அணைந்திருந்தது.

இன்ஜினியர் சேர் வந்தார். மேலாளரும் பாதுகாப்புக்காரரும் பின்னால் நின்றார்கள். ஆரையம்பதி அக்காவும் எட்டிப் பார்த்தார். சேர் கேபிளை நுனியிலிருந்து நுனி வரை பார்த்தார். சோதிக்கும் கருவியைக் கொழுவினார். கேபிளில் ஒரு பிழையும் இல்லை. அவருக்கு வியர்த்தது. பாதுகாப்புக்காரர் கையைக் கட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் குரலைச் சின்னதாக்கிக்கொண்டேன். "சேர், ஒண்டு கேக்கலாமா? மத்த எல்லா லைட்டும் பச்சையா இரிக்கு. இது மட்டும் ஏன் சேர் நூந்து கிடக்கு?"

அவர் குனிந்தார். பொத்தான் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்தார். பிறகு விளக்கைப் பார்த்தார். அவர் கழுத்து சிவந்ததை நான் கண்டேன். ரவுட்டரைக் கையால் பூட்டியது அவருக்கு அந்த நேரம்தான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். திரும்பி என்னை ஒரு கணம் பார்த்தார். இது தற்செயலாகக் கண்ட விளக்கு அல்ல, நான் தெரிந்தே காட்டிய விளக்கு என்று அவருக்கு விளங்கியதா இல்லையா, இன்றுவரை எனக்குத் தெரியாது. பின்னால் நின்றவர்களும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "இது டூப்ளெக்ஸ் மிஸ்மாட்ச். மேல ஃபுல், கீழ ஹாஃப். உங்க பக்கத்த நீங்க செட் பண்ணல்ல."

என் விசைப்பலகையில், என் கதிரையில் உட்கார்ந்து, நேற்று நான் அழித்த அதே வரியைத் தட்டினார். என்டரை அழுத்தினார். ஆரையம்பதி அக்கா ஓடிப்போய்த் தன் படங்களை அனுப்பிப் பார்த்து, "ஏறுது, ஏறுது" என்று அங்கிருந்தே சொன்னார்.

"அப்ப இடையில ஆரும் இல்லயா?" என்று பாதுகாப்புக்காரர் கேட்டார்.

"ஒருத்தரும் இல்ல சேர். சின்ன விஷயம்." இன்ஜினியர் சேர் பிறகு என் பக்கம் திரும்பினார். "மிஸ், இது முதல் பாடம். ஆட்டோவும் ஃபிக்ஸும் சேராது. கோர்ஸ்ல படிக்கல்லயா? இதுகூடத் தெரியாதா உங்களுக்கு?"

தெரியும் என்று சொல்ல எனக்கு எத்தனை கெட்ட வார்த்தைகள் தொண்டைக்கு வந்தன என்று சொன்னால் அச்சிட மாட்டார்கள். பூட்டிவிட்டுப் போனவன் நீ. ஆட்டோ என்று சத்தியம் பண்ணினவன் நீ. பாதுகாப்புக்காரரின் கட்டிய கை இன்னும் அவிழவில்லை. என் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். தெரியும் என்றால், தெரிந்தும் ஏன் இத்தனை நாள் விட்டாய் என்று கேட்பார். தெரியாது என்றால் நான் வெறும் மொக்குப் பெட்டை. மொக்குப் பெட்டையை எந்த முகாமும் தேடாது.

"தெரியா சேர்" என்றேன்.

கை அவிழ்ந்தது. பாதுகாப்புக்காரர் சிரித்ததை அன்றுதான் முதலும் கடைசியுமாகக் கண்டேன். "பாவம் பிள்ளை, சும்மா பயந்திட்டா" என்றார். மேலாளரும் சிரித்தார், அக்காவும் சிரித்தார். எல்லாருக்கும் பாரம் இறங்கிய சிரிப்பு. நானும் சிரித்தேன், பல்லெல்லாம் தெரிய. சிரித்துக்கொண்டே வாசலைப் பார்த்தேன். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. வெள்ளைச் சேட்டின் மேல் பொத்தானைத் தடவிக்கொண்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் ஒருவரும் ஒன்றும் விசாரிக்கவில்லை. தேநீர் கொடுத்து அனுப்பினார்கள். போகும்போது அவர் இன்ஜினியர் சேரிடம் போய், "புள்ளையக் குறை நினக்காதீங்க, சொல்லிக் குடுத்தா பிடிச்சிருவாள்" என்று கும்பிட்டார். என் அப்பா. அந்த மனிதனை.

திரும்பும்போது பாதையில் கூட்டம். ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். வாவி கலங்கிக் கிடந்தது. இக்கரை தூரமான பிறகு அப்பா மெல்லச் சொன்னார்:

"தெரியாட்டி என்ன மகள். எல்லாரும் பிறக்கக்குள்ளயே படிச்சிட்டா வாறாங்க?"

அங்கேயே எல்லாவற்றையும் சொல்லிவிட வாயெடுத்தேன். பக்கத்தில் எனக்கு முகம் தெரியாத இரண்டு பேர் நின்றார்கள். அந்த நாட்களில் பாதையில் முகம் தெரியாதவர் பக்கத்தில் நின்றால் மழையைப் பற்றிக்கூடப் பார்த்துத்தான் பேசுவோம்.

"நான்தான் ஊரெல்லாம் பெரிசாச் சொல்லித் திரிஞ்சிட்டன்" என்றார் அப்பா. "அதான் உனக்கு இந்த வெட்கம்."

வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அன்றிரவு முழுவதும் என்னைக் கேட்டேன். சொன்னால் அவர் அடக்கிக்கொண்டு இருப்பாரா? விடிந்ததும் வட்டைக்குப் போய், "என்ட மகளுக்கு எல்லாம் தெரியும், அவள்தான் கண்டுபிடிச்சவள், அந்தச் சேருக்குத்தான் ஒண்டும் தெரியா" என்று வரம்பு வரம்பாகச் சொல்லியிருப்பார். முதல் முறை அவர் சொன்னது எந்த வழியாக எங்கே போய்ச் சேர்ந்தது என்று கண்டேனே. சொல்லவில்லை. அதற்குப் பிறகு அப்பா வட்டையில் என்னைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார். யாராவது, "என்ன, மகள் வயருக்குள்ள என்னத்தக் கண்டாளாம்?" என்று பகிடி விட்டால், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அங்கால் போய்விடுவார் என்று அம்மா சொன்னா.

யுத்தம் முடிந்தது. சாவடிகள் போயின. நான் வேறு இடங்களில் வேலை செய்து, இப்போது எனக்குக் கீழேயும் ஆட்கள் வேலை செய்கிறார்கள். அன்றைய ஆட்கள் எங்கெங்கோ போய்விட்டார்கள். இன்ஜினியர் சேர் நாட்டிலேயே இல்லை. அப்பாவுக்கு வயதாகி, வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கிறார். பேச்சு மட்டும் திரும்பி வந்துவிட்டது.

போன வருடம் லீவில் வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்து வளவு மாமி வந்திருந்தா. மகள் சோதனையில் கோட்டை விட்டுவிட்டாள் என்று அழுகை. நான் குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். வெளியே அப்பா ஆறுதல் சொல்வது கேட்டது.

"இதுக்குப் போய் அழுறீங்களே. என்ட மகளுக்கும் முதல்ல ஒண்டும் தெரியா. கொழும்புச் சேர் ஒருத்தர் வந்து, எல்லாருக்கும் முன்னால, இதுகூடத் தெரியாதா எண்டு கேட்டார். நான் பாத்துக்கொண்டு இரிக்கன். அவள் தெரியா சேர் எண்டு உண்மையச் சொன்னாள். மறுகா படிச்சுப் படிச்சு இப்ப எங்க இரிக்காள் பாருங்க."

கேத்தலை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தேன். மாமி இருக்கிறா என்றும் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அழித்த வரி, அழுத்திய பொத்தான், நூந்த விளக்கு, பாதுகாப்புக்காரரின் கை, பாதையில் நின்ற இரண்டு பேர். அந்தச் சேர் செய்த பிழையை அவர் வருவதற்கு முதல் நாளே நான்தான் கண்டுபிடித்தேன் என்றேன். எனக்கு எல்லாம் தெரியும் அப்பா, எனக்கு அப்பவே தெரியும் என்றேன். குரல் கத்தலாகிவிட்டது. மாமி தலைமுடியை முடிந்துகொண்டு எழும்பினா.

அப்பா குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டார். இவ்வளவு பொறுமையாக அவர் எதையும் கேட்டு நான் கண்டதில்லை. கேட்டு முடித்துவிட்டுக் கையை நீட்டி என்னைப் பக்கத்தில் இருக்கச் சொன்னார். இருந்தேன். என் முழங்காலில் தட்டினார்.

"ஓம் மகள், ஓம்" என்றார். "எத்தின வருசமாச்சு. இன்னமும் அத மனசுல வச்சு வெட்கப்படுறியே. தெரியாம இரிந்ததுல ஒரு வெட்கமும் இல்ல புள்ள."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அன்று பாதையில் சொன்ன அதே முகத்தோடு, மனதாரச் சொன்னார். சாட்சிக்குக் கூப்பிட ஒருவர் இல்லை. அந்த அறையில் அன்று எனக்குத் தெரியும் என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான். நான் என்ன சொன்னேன் என்பதை அவர் தன் காதாலேயே கேட்டிருந்தார்.

"இனி இந்தக் கதைய ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன், போ" என்றார் அப்பா. "தேத்தண்ணி ஆறுது."